ஜப்பானிய வீட்டுடைப் பெயர்களும் அவற்றைத் தமிழில் தருதலும்

1. முன்னுரை

பெங்களூருவின் தென்பகுதியில், பசவனகுடியை ஒட்டி, 'டாடா சில்க் ஃபார்ம்' என்னும் இடப்பெயர் இன்றும் வழங்கி வருகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜாம்ஷெட்ஜி டாடா ஜப்பானிய வல்லுநர்களின் துணையோடு அங்கே பட்டுப்புழு வளர்ப்புப் பண்ணை ஒன்றை அமைத்தார். பண்ணை மறைந்து நெடுங்காலமாயிற்று. பெயர் மட்டும் நிற்கின்றது. பொருள் நீங்கிய பின்னும் பெயர் நிலைத்தல், பெயர் நிற்கப் பொருள் மாறுதல் ஆகிய இரண்டும் ஆடைப்பெயர்களில் மிகுதியாகக் காணப்படுவன.

பிடதியில் டொயோட்டா கிர்லோஸ்கர் உள்ளிட்ட ஜப்பானியத் தொடர்புடைய நிறுவனங்கள் பெங்களூருவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நிலைகொண்டதால், ஜப்பானிய மொழியைக் கற்போரும் அதிலிருந்து இந்திய மொழிகளில் பெயர்ப்போரும் இந்நகரில் பெருகியுள்ளனர். இவர்களுக்கு அலுவலகச் சொற்கள் தரும் இடர்ப்பாட்டினும் வீட்டுச் சொற்கள் தரும் இடர்ப்பாடு பெரிது. எந்திரத்தின் உறுப்புக்கு நிறுவனமே பெயர் தந்துவிடும். வீட்டில் அணியும் ஆடைக்குத் தமிழில் என்ன பெயர் இடுவது என்பதை மொழிபெயர்ப்பாளரே முடிவு செய்தாக வேண்டும்.

ஜப்பானியரின் மரபுவழி வீட்டுடைகளின் பெயர்கள் எவ்வாறு அமைந்துள்ளன, அவ்வாடைகள் எங்கே விற்கப்படுகின்றன, இத்தகைய பெயர்கள் கடல் கடந்தபோது என்னவாயின, தமிழில் அவற்றை எவ்வாறு எழுதலாம் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது. ஆடைப்பெயர் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் செல்லும்போது ஒலி உடன் செல்லும். அவ்வாடையை எப்போது, எங்கே, யார் முன்னிலையில் அணியலாம் என்னும் சூழல் உடன் செல்லாது. இக்கட்டுரை வலியுறுத்துவது இதுவே.

2. பெயர்களின் பொருளமைப்பு

'கிமோனோ' என்பதன் சொற்பொருள் 'உடுத்தும் பொருள்' என்பதே. 'கி' உடுத்தலையும் 'மோனோ' பொருளையும் குறிக்கும். தமிழில் 'உடு' என்னும் வினையடியாகப் பிறந்த 'உடை', 'உடுப்பு' ஆகியவற்றோடு இதனை ஒப்பிடலாம். மேலைநாட்டு உடை ஜப்பானில் பரவிய மெய்ஜி காலத்திற்குப் (1868-1912) பின்னரே, பொதுப்பெயராக இருந்த இச்சொல் மரபுடையை மட்டும் குறிக்கும் சிறப்புப்பெயராகச் சுருங்கியது.

வீட்டிலும் ஓய்வுப் பொழுதிலும் அணியப்படும் உடைகளின் பெயர்களைப் பெயரிடலின் அடிப்படை நோக்கி நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது, செயலடியாகப் பிறந்தவை. 'நெமக்கி' உறங்கும்போது அணிவது. பேச்சில் ஒன்றாக ஒலிக்கும் இச்சொல்லை ஜப்பானியர் இருவகையாக எழுதுவர். ஒன்று 'உறக்கம் + சுற்றுதல்' எனவும், மற்றொன்று 'படுக்கையறை + உடை' எனவும் பொருள்படும். 'யுக்கத்தா' என்பது 'யுக்கத்தபிரா' என்னும் நெடுஞ்சொல்லின் குறுக்கம். 'யு' என்பது வெந்நீர். 'கத்தபிரா' என்பது உள்துணி வைத்துத் தைக்காத மெல்லுடை. நீராடுங்கால் அணிந்ததே இப்பெயருக்குக் காரணமாயிற்று. 'சமுவே' என்பதில் 'சமு' பௌத்த மடத்துத் துறவியர் ஆற்றும் அன்றாட உடலுழைப்பையும், 'எ' ஆடையையும் சுட்டும்.

இரண்டாவது, இடமடியாகப் பிறந்தவை. 'ஹெயகி' என்பது 'அறையுடை'. வீட்டில் அணியும் எவ்வுடைக்கும் இன்று இது பொதுப்பெயர். குளிர்காலத்தில் பஞ்சு வைத்துத் தைத்து அணியும் 'தன்ஜென்' என்னும் அங்கியின் பெயர், எதோ நகரில் தங்கோ என்னும் பட்டம் தாங்கிய பிரபுவின் மாளிகைக்கு முன்னிருந்த குளியலகத்திலிருந்து வந்தது. 'தங்கோவின் முன்புறம்' என்பதே அதன் பொருள். எதோ என்பது இன்றைய டோக்கியோ.

மூன்றாவது, வடிவமடியாகப் பிறந்தவை. 'ஹன்தென்' என்பதில் முன்னுறுப்பு 'பாதி' எனப் பொருள்படும்; இது இடுப்பளவில் நிற்கும் குறுஞ்சட்டை. பஞ்சு வைத்த ஹன்தென் குளிர்கால வீட்டுடை. தொழிலாளர் அணியும் முத்திரை பொறித்த ஹன்தென் இதனின் வேறானது.

நான்காவது, பிறிதோர் ஆடையின் ஒப்புமையால் பெற்றவை. முடிச்சிட்டுக் கட்டும் மேற்சட்டையும் அரைக்காற்சட்டையும் சேர்ந்த கோடைக்கால வீட்டுடை 'ஜிம்பே'. போர்வீரர் கவசத்தின் மேல் அணிந்த கையில்லா மேலாடையை ஒத்திருந்ததால் இப்பெயர் பெற்றது எனக் கூறுவர்.

தமிழ் ஆடைப்பெயர்களுள் துணி, துண்டு, அறுவை ஆகியன வெட்டுதலை அடியாகக் கொண்டவை. தறியிலிருந்து அறுத்தெடுத்த நிலையே அவற்றிற்குப் பெயராயிற்று. மேலே கண்ட ஜப்பானியப் பெயர்களோ பெரும்பாலும் அணிபவரின் செயலையும் இடத்தையும் நோக்கி எழுந்தவை. ஆகவே, வடிவத்தை மட்டும் விளக்கும் மொழிபெயர்ப்பு அப்பெயரின் பொருளில் ஒரு கூற்றையே தருவதாகும்.

3. விற்குமிடமும் பெயரும்

ஓர் ஆடை விற்கப்படும் இடமும் அதன் பொருளின் ஒரு பகுதியே. பட்டுத்துணி விற்கும் கடைக்கு ஜப்பானில் 'கொஃபுக்கு' கடை என்று பெயர். சீனத்தின் வூ நாட்டு ஆடை என்பது அதன் சொற்பொருள். பருத்தி, சணல்வகைத் துணிகளோ 'ஃபுத்தொமோனோ', அதாவது 'பருமனான பொருள்', எனப்பட்டன. தமிழில் 'ஜவுளி' என்னும் ஒரே சொல் இரண்டையும் அடக்கும். பெங்களூருவின் சிக்பேட்டையில் கன்னடத்தார் 'ஜவளி' என வழங்குவதும் இச்சொல்லையே. ஜப்பானியத்தில் இரண்டாக நிற்பது நம்மிடம் ஒன்றாக நிற்பதை மொழிபெயர்ப்பாளர் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

மிட்சுயி தகத்தொஷி 1673இல் எதோ நகரில் தொடங்கிய எச்சிகோயா என்னும் கொஃபுக்கு கடை, பேரம் இன்றி, குறித்த விலைக்கு, ரொக்கத்திற்கு விற்கும் முறையால் புகழ்பெற்றது. அதுவே பின்னர் மிட்சுகோஷி எனும் பல்பொருள் அங்காடியாயிற்று. 1717இல் கியோத்தோவில் தோன்றிய தைமாருவும், 1831இல் அங்கேயே தோன்றிய தகஷிமாயாவும் துணிக்கடைகளாகப் பிறந்தவையே. இன்றும் கோடை தொடங்குமுன் இத்தகைய அங்காடிகளில் யுக்கத்தாவுக்கெனத் தனிப்பகுதி அமைப்பது வழக்கம்.

உற்பத்தி செய்யும் ஊரிலேயே வாங்க விரும்புவோர்க்கும் இடங்கள் உள்ளன. இன்று நகோயா நகரின் பகுதியாக உள்ள அரிமத்சு 1608இல் நிறுவப்பெற்ற ஊர். துணியை முடிந்து சாயம் தோய்க்கும் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அங்கே அம்முறையில் சாயமிட்ட யுக்கத்தாத் துணி கிடைக்கும். பஞ்சு வைத்த ஹன்தென்னுக்குக் கியூஷுத் தீவின் சிக்குகோ வட்டாரம் பெயர்பெற்றது. சமுவேயைக் கோயில்களுக்கு வேண்டிய பொருள்களை விற்கும் கடைகளில் காணலாம். பழைய கிமோனோக்களுக்குக் கியோத்தோவில் இரு சந்தைகள் சிறந்தவை: தோஜி கோயிலில் மாதந்தோறும் 21ஆம் நாளும், கித்தனோ தென்மங்கு கோயிலில் 25ஆம் நாளும் அவை கூடும். சமுவேக்குக் கோயிற்கடை, கோடை யுக்கத்தாவுக்குப் பல்பொருள் அங்காடி எனக் கடை மாறுவதே அவ்வாடைகளின் சமூக நிலை வேறுபாட்டைக் காட்டும்.

பெங்களூருவின் துணிக்கடைகளிலும் 'கிமோனோ' என்னும் பெயரைக் கேட்கலாம். ஆனால் அது முன்புறம் திறந்த, கை அகன்ற, மெல்லிய மேலங்கி எதனையும் குறிக்கும். தையற்கலையில் 'கிமோனோ கை' என்பது உடற்பகுதியோடு ஒன்றாக வெட்டப்படும் கை. உண்மையான கிமோனோவின் கையோ தனியே நீள்சதுரமாக வெட்டி உடற்பகுதியோடு இணைத்துத் தைக்கப்படுவது. பெயர் சுட்டுவதற்கு நேர்மாறான வெட்டுமுறை அப்பெயராலேயே வழங்குகின்றது.

4. கடல் கடந்த பெயர்கள்

இத்தகைய மாற்றம் புதியதன்று. தமிழகக் கடற்கரையும் அதில் பங்கு கொண்டது.

1641 முதல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் நாகசாகியின் தெஷிமாத் தீவில் இருந்து வாணிகம் செய்தனர். அவர்தம் தலைவர் எதோ நகருக்குச் சென்று ஷோகுனைக் காணும்போது பட்டு அங்கிகள் பரிசாகக் கிடைக்கும். அவை ஹாலந்துக்குச் சென்று, வீட்டில் அணியும் உயர்குடி உடையாயின. 'யபோன்ஸ ரொக்', அதாவது 'ஜப்பானிய அங்கி', என்பது அவற்றின் பெயர். வேண்டுவோர் பலர், வந்தவையோ சில. ஆகவே அதே வெட்டில் இந்தியத் துணியிலும் அங்கிகள் தைக்கப்பெற்றன. பழவேற்காட்டையும் 1690 முதல் நாகப்பட்டினத்தையும் தலைமையிடமாகக் கொண்டு டச்சுக்காரர் வாணிகம் செய்த சோழமண்டலக் கரையின் சீட்டித்துணி இதற்குப் பெரிதும் பயன்பட்டது. இவ்வாறு நம் கரையின் துணியில் தைத்த அங்கியும் 'ஜப்பானிய' அங்கி எனவே டச்சு மொழியில் பெயர்பெற்றது. இன்றைய டச்சு மொழியில் 'யபோன்' என்பது பெண்கள் அணியும் நீள்கவுனைக் குறிக்கும் சொல். ஜப்பானை அதில் யாரும் நினைப்பதில்லை.

இவ்வகை அங்கியையே ஆங்கிலேயர் 'இந்திய கவுன்' எனவும் 'பனியன்' எனவும் வழங்கினர். 1666இல் சாமுவேல் பீப்ஸ் தம் ஓவியத்திற்காக இத்தகைய இந்திய கவுன் ஒன்றை வாடகைக்கு எடுத்து அணிந்தார். பிரெஞ்சியர் இதனை 'இந்தியத் துணி' எனும் பொருள்படப் பெயரிட்டனர்; 1670இல் அரங்கேறிய மோலியரின் நாடகம் ஒன்றில் புதுப்பணக்காரன் ஒருவன் அதனை அணிந்து பெருமை பேசுகின்றான். ஒரே வகை ஆடை ஒரு நாட்டில் ஜப்பானியம், மற்ற நாடுகளில் இந்தியம்.

'பனியன்' என்னும் சொல் வணிகரைக் குறிக்கும் குஜராத்திச் சொல்லான 'வாணியோ' என்பதோடு தொடர்புடையது. போர்த்துக்கேயர் வாயிலாக ஐரோப்பிய மொழிகளிற் புகுந்தது. வணிகரைக் குறித்த சொல் அவர் உடைக்கும், பின்னர் வீட்டில் அணியும் நீளங்கிக்கும், அதன்பின் இந்திய ஆங்கிலத்தில் உட்சட்டைக்கும் பெயராகித் தமிழிற் புகுந்தது. திருப்பூரில் 'பனியன் கம்பெனி' என்றால் உட்சட்டை தைக்குமிடம் மட்டுமன்று. பின்னலாடை எதனையும் ஆக்கும் தொழிலகம். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில நூலொன்றில் கனவான் ஒருவர் 'பனியன்' அணிந்து விருந்தினரை வரவேற்றார் எனக் கண்டு, தமிழிலும் 'பனியன்' என்றே எழுதினால் பொருள் முற்றும் கெடும். அக்காலத்து 'நைட்கவுன்' என்பதும் உறங்க அணிந்தது அன்று. 'மக்பெத்' நாடகத்தில் வருவதும் அத்தகைய மேலங்கியே.

அரபு மொழியின் 'ஜுப்பா' மற்றொரு சான்று. அச்சொல் இந்தியாவுக்கு வந்து தமிழில் 'ஜிப்பா' ஆயிற்று. கழுத்துப்பட்டி இல்லாத, தளர்ந்த மேற்சட்டையைக் குறித்தது. அதுவே ஐரோப்பாவிற் பரவி, பிரெஞ்சில் பாவாடையைக் குறிக்கும் 'ழுப்' ஆகவும், போர்த்துக்கேயத்தில் 'ஜிபாவ்ங்' ஆகவும் திரிந்தது. பதினாறாம் நூற்றாண்டில் ஜப்பானை அடைந்த போர்த்துக்கேயரிடமிருந்து ஜப்பானியர் அதனை ஏற்று 'ஜுபன்' என்றனர். கிமோனோவின் உள்ளே அணியும் அங்கியே ஜுபன். மேடையில் ஜிப்பா அணிந்து நிற்கும் தமிழ்ச் சொற்பொழிவாளரும், கிமோனோவுக்குள் ஜுபன் அணிந்த ஜப்பானியப் பெண்ணும் ஒரே சொல்லைத்தான் உடுத்தியுள்ளனர். ஆயினும் ஒன்று அவையில் விளங்கத் தோன்றுவது. மற்றது கழுத்தோரத்தில் மட்டும் சிறிது தெரிவது.

'பைஜாமா' என்பது 'கால்' எனவும் 'உடை' எனவும் பொருள்படும் பாரசீகச் சொற்களின் சேர்க்கை. தமிழில் அது இன்றும் பெரும்பாலும் காலுடையையே குறிக்கும். ஆங்கிலத்தின் வழியே ஜப்பானை அடைந்த 'பஜமா' மேற்சட்டையும் காற்சட்டையும் சேர்ந்த உறக்கவுடை. நெமக்கியின் இடத்தைப் பெரிதும் கவர்ந்துகொண்டதும் அதுவே.

இன்னொரு பெயர் நமக்கு மிக அண்மையானது. எதோ காலத்து ஜப்பானியர் விரும்பி அணிந்த கோடிட்ட பருத்தித் துணிக்குச் 'சன்தொமே-ஜிமா' என்று பெயர். 'ஜிமா' என்பது கோடு. 'சன்தொமே' என்பது சாந்தோம். மயிலாப்பூர்க் கரையில் போர்த்துக்கேயர் இருந்த அவ்வூரின் பெயரே. அத்துணியைப் பின்னர் ஜப்பானியரே நெய்தனர். டோக்கியோவை அடுத்த கவகோயே அத்தகைய நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர்களுள் ஒன்று. கவகோயேயில் இதனை வாங்குவோர், சென்னையின் கடற்கரைப் பகுதி ஒன்றன் பெயர் அதன் வரலாற்றில் உறைந்து கிடப்பதை அறிதல் அரிது.

5. எழுத்துப்பெயர்ப்பு

இனி இப்பெயர்களைத் தமிழில் எழுதும் முறையைக் காண்போம். பெங்களூருவில் இது நாள்தோறும் எதிர்ப்படும் சிக்கல். கன்னட எழுத்தில் ககரத்தின் ஒலிப்பிலா வடிவமும் ஒலிப்புடை வடிவமும் வேறு வேறு. ஆதலின் கன்னட மொழிபெயர்ப்பாளர் ஜப்பானிய ஒலியைக் கேட்டவாறே எழுதிவிடுவார். தமிழிலோ இடம் நோக்கியே ஒலி அமையும்.

உயிர்களுக்கு இடையே ஒற்றை வல்லினம் தமிழில் மென்மையாக ஒலிக்கும். எனவே 'யுகதா' என எழுதின் ஒலி திரியும். 'டோக்கியோ' என்பதிற்போல இரட்டித்து 'யுக்கத்தா' என எழுதுதல் ஏற்புடையது. ஆனால் ஜப்பானியத்தில் ஒற்றை மெய்யும் இரட்டை மெய்யும் பொருள் வேறுபடுத்துவன. தமிழில் இரட்டித்தால் அவ்வேறுபாடு மறையும். ஒன்றைக் காக்க மற்றொன்றை இழக்க வேண்டியுள்ளது. இழப்பதை அறிந்து இழத்தலே முறை.

மாறாக, ஒலிப்புடை எழுத்து வருமிடங்களில் தமிழ் நெறியே துணைசெய்கின்றது. 'ஜுபன்', 'ஹெயகி' ஆகியவற்றில் பகரமும் ககரமும் இயல்பாகவே மென்மையாக ஒலிக்கின்றன. உரோமன் எழுத்தில் 'ன்' போல எழுதப்படும் ஜிம்பேயின் மூக்கொலி, பகரத்தின் முன் ஜப்பானியர் வாயில் மகரமாகவே ஒலிக்கும். தமிழின் 'ம்ப' அதனைச் செம்மையாகக் காட்டுகின்றது. 'ஹந்தென்' என எழுதினால் தகரம் ஒலிப்புடையதாகிவிடும். 'ஹன்தென்' என எழுதினால், தமிழுக்கு இயல்பல்லாத அச்சேர்க்கையே படிப்பவரை நிறுத்தி எச்சரிக்கும்.

உயிர் இரண்டு அடுத்து வருமிடத்து உடம்படுமெய் கைகொடுக்கின்றது. கிமோனோவின் மேல் அணியும் மேலாடையின் பெயர் ஹ, ஒ, ரி என மூன்று அசையாக ஒலிப்பது; வகர உடம்படுமெய் பெற்று 'ஹவோரி' ஆகும். 'சமு', 'எ' என்பன சேர்ந்து 'சமுவே' ஆகும். எகரக் குறில் சொல்லிறுதியில் வருதல் தமிழ் வழக்கன்று ஆதலின் நெடிலாயிற்று.

ஆங்கில எழுத்தைப் பார்த்து 'யுகாட்டா' எனத் டகரம் இட்டு எழுதுவாரும் உளர். ஜப்பானியத் தகரம் பல்லொலியாதலின் தமிழ்த் தகரமே அதற்கு நெருங்கியது. 'டோக்கியோ' போல நிலைபெற்றுவிட்டவற்றை விடுத்து, புதியனவற்றையேனும் மூலமொழி நோக்கி எழுதலாம்.

6. மொழிபெயர்ப்பாளர் செய்யத்தக்கது

எடுத்துக்காட்டிற்காக நாமே அமைத்த இரு தொடர்களைக் காண்போம். ஒன்று: 'விருந்தினர் வந்தபோது மாமனார் ஜிம்பே அணிந்திருந்தார்.' மற்றொன்று: 'வாணவேடிக்கை காண அவள் யுக்கத்தா அணிந்து சென்றாள்.'

இரண்டையும் அகராதி வழி நின்று 'இரவு உடை' என மொழிபெயர்ப்பின், முதல் தொடர் மாமனாரை உறக்கத்திலிருந்து எழுந்து வந்தவராக்கும். இரண்டாவது அப்பெண்ணைப் படுக்கை உடையோடு தெருவில் நடத்தும். விடுதியில் யுக்கத்தா உறங்க அணிவதே. வெந்நீர் ஊற்றுள்ள ஊர்களில் அதனோடு தெருவிலும் உலவலாம். கோடைத் திருவிழாவிலோ அது அழகுற அணியும் சிறப்புடை. ஒரே பெயர், மூன்று சூழல்.

'ஜிம்பே எனப்படும் முடிச்சிட்ட மேற்சட்டையும் அரைக்காற்சட்டையும்' என விரித்தால் வடிவம் கிட்டும். தொடரின் கருத்து கிட்டாது. மாமனார் விருந்தினரை வேற்றவராகக் கருதவில்லை என்பதோ, பொருட்படுத்தவில்லை என்பதோ அங்கே உணர்த்தப்படுகின்றது. தமிழ்வீட்டில் கைலியோடு விருந்தினரை எதிர்கொள்ளுதல் இதற்கு நிகர். தென்மாவட்டத்தாரும் ஈழத்தாரும் 'சாரம்' என்பதும் இதுவே. வடிவத்தால் கைலிக்கும் ஜிம்பேக்கும் தொடர்பில்லை. சூழலால் இரண்டும் மிக நெருங்கியவை. அதற்காக ஜப்பானிய மாமனாருக்குக் கைலி உடுத்திவிடவும் இயலாது. 'வீட்டில் அணியும் ஜிம்பேயோடே மாமனார் விருந்தினரை எதிர்கொண்டார்' என்பது பெயரைக் காத்துச் சூழலையும் தரும். இங்கே 'வீட்டில் அணியும்' என்னும் அடையும் தேற்றேகாரமும் அடிக்குறிப்பு ஒன்றின் பணியைச் செய்கின்றன.

சிறு சொல்லும் பிறழ இயலாத இடங்கள் உண்டு. கிமோனோவானாலும் யுக்கத்தாவானாலும் உயிரோடிருப்போர் இடப்புற மடிப்பு மேலே இருக்குமாறு அணிவர். வலப்புறம் மேலாக அணிவித்தல் இறந்தோர்க்கு உரியது. கதையொன்றில் வலப்புறம் மேலாக மடித்த உடை வருமாயின், அது சாவைச் சுட்டும் குறிப்பாக இருக்கலாம். பக்கத்தை மாற்றி எழுதிய மொழிபெயர்ப்பாளர் ஒருவரைச் சாகடிக்கவோ உயிர்ப்பிக்கவோ கூடும்.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். ஆடைப்பெயரை முதன்முறை ஆளும்போது மூலப்பெயரைத் தமிழ் ஒலிநெறிக்கு இயைய எழுதி, சூழலை உணர்த்தும் அடைமொழி ஒன்றை அதே தொடரில் சேர்த்தல் நலம். பொருளை ஓர் அகராதிச் சொல்லால் முடித்துவிடாமல், யார், எங்கே, யார் முன் அணிந்துள்ளார் என வினவி அறிதல் வேண்டும். நம் மொழியில் முன்னரே வழங்கும் ஒத்த ஒலியுடைய சொல்லை உறவுச்சொல் என நம்பி அப்படியே ஆளுதல் கூடாது; பனியனும் ஜிப்பாவும் அதற்குச் சான்று.

சாந்தோம் என்னும் ஊர்ப்பெயர் ஜப்பானில் கோடாயிற்று. ஜப்பான் என்னும் நாட்டுப்பெயர் ஹாலந்தில் கவுனாயிற்று. வணிகர் பெயர் திருப்பூரில் பின்னலாடையாயிற்று. இவற்றை மொழிபெயர்த்தவர் எவருமிலர். வணிகரும் மாலுமியரும் தையற்காரரும் கொண்டு சென்றவை இவை. அவர்கள் சூழலை விட்டுச் சென்றமை இயல்பு. விற்பதற்கு ஒலியும் துணியும் போதுமாயிருந்தன. மொழிபெயர்ப்பாளர்க்கு அவ்விரண்டும் போதா.